பணிய

மழை விட்ட மறுநாள் விடிகாலையில்
பதினாலாம் நம்பர் மலை உச்சியில் நின்றால்
கடல் தெரியும்.
கடல் என்று யாராவது சொன்னால்தான் கடல்.
இல்லாவிட்டால் வானத்தின் விளிம்பை
வெள்ளி நூலால் மடித்துத் தைத்த மாதிரி ஒரு கோடு.
அதன் ஓரத்தில் சில்லுச் சில்லாக மின்னுவது
அம்பாந்தோட்டை உப்பளம் என்பான் தவநேசன்.
அவனும் போனதில்லை.

போயா நாள். பிரட்டு இல்லை.
"பணிய போயிட்டு வாறோம்" என்று சொல்லிவிட்டு
நானும் ஜெசிந்தாவும் இறங்கினோம்.
அப்புத்தளையில் எங்கள் தோட்டத்துக்குக்
கீழே என்கிற சொல் தேவைப்பட்டதே இல்லை.
பணிய லயம், பணியக் கணக்கு, பணிய பீலி.
குனியாமல் இறங்கவிடாத மண்ணை
வேறு எப்படிச் சொல்வது?

என் காலில் தம்பியின் பள்ளிக்கூடச் சப்பாத்து,
முனையில் பேப்பர் அடைத்தது.
பையில் ஆறு ரொட்டி, கட்டச் சம்பல்.
அட்டைக்கு உப்பு,
ஒற்றைச் சாக்ஸில் போட்டு முடிந்தது.

தேயிலை முடிந்ததும் மானாப்புல்.
ஆளை மூடுகிற உயரம்.
பாதையைக் காலால் தடவித்தான் எடுக்க வேண்டும்.
அதற்கப்புறம் பாதையும் இல்லை,
தண்ணீர் இறங்கிய கல்லில் நாங்களும் இறங்கினோம்
உட்கார்ந்து, திரும்பி, வேரைப் பிடித்து,
முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி.
ஒவ்வோர் அடிக்கும் கட்டைவிரல் போய்
சப்பாத்தின் நெற்றியில் முட்டியது.

ஜெசிந்தா எண்ணிக்கொண்டே வந்தாள்.
கட்டுநாயக்காவில் நாலு வருஷம்
காலர் எண்ணிய வாய்.
எண்ணூற்று நாற்பதில் வழுக்கி விழுந்து
கோபத்தில் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

கடலைப் பார்த்துத்தான் இறங்கினோம்.
இறங்க இறங்கக் கடல் குறைந்தது.
மேலேயிருந்து பார்க்கையில்
எறும்புப் புற்றாய்க் கிடந்த குன்றொன்று
எழுந்து நின்று
மிச்சத்தையும் மறைத்துக்கொண்டது.
"எங்கடி போச்சு?"
"கிட்ட வந்துட்டோம்ல, அதான்."

சுவெட்டர் இடுப்புக்கு வந்தது.
காற்றில் மிளகு மணம், பிறகு பழுத்த பலா மணம்,
காதுக்குள் பூச்சிகளின் ரம்பம்.
ஒரே நாளில் இன்னொரு நாட்டுக்கு வந்த வேர்வை.

அடியில் ஆறு. ஆற்றோரம்
மிளகாய்ச் சாக்கு அலசிக்கொண்டிருந்த பியதிலக
எங்கள் முழங்காலைத்தான் முதலில் பார்த்தார்.
"உட இந்தலாத?"
ஆமாம், மேலேயிருந்துதான்.
அம்பரெல்லா நாலு பறித்துத் தந்தார், பச்சை.
உப்பு இருக்கிறதா என்று பார்த்தோம்.
காலுக்குக் கொண்டுவந்தது வாய்க்குப் போயிற்று.
சாக்ஸைப் பார்த்து அவர் சிரித்தார்,
ஆனாலும் தொட்டுக்கொண்டார்.

மலையை அண்ணாந்து விரல் நீட்டினார்.
இரவில் அங்கே ஒரு வரிசை வெளிச்சம் தெரியுமாம்,
ஹோட்டல் என்று நினைத்திருந்தாராம்.
லயம் என்றோம். இருபது காம்பரா, இருபது பல்பு.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:
வலது பக்கத்திலிருந்து மூன்றாவது
ஒரு மாதமாக எரியவில்லையே, ஆட்கள் போய்விட்டார்களா?

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
அது எங்கள் காம்பரா.
பல்பு ஃபியூஸ் போய்,
சம்பளம் வரட்டும் என்று விட்டது.
இருக்கிறோம் என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
சரியாகச் சொன்னேனா தெரியாது.

பஸ் வரவில்லை. கடையும் பூட்டு.
ஏறினோம்.
ஏறியதைச் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சுதான்.
ஜெசிந்தா எண்ணவில்லை.
பாதியில் மூடுபனி வந்து
எங்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தது,
இருமிக் கண்டுபிடித்துக்கொண்டோம்.

சம்பள நாளில் பல்பு வாங்கி மாட்டினேன்.
போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன்.
"சுவிச்சு விளையாடவா? பில்லு யாரு கட்டுறது?"
உள்ளேயிருந்து அம்மா.
வாசலுக்கு வந்து பணிய பார்த்தேன்.
கை நீட்டினால் கை தெரியாத பனி.

கட்டைவிரல் நகம் அதற்குள் கறுத்திருந்தது.
அடுத்த போயாவுக்குள் கழன்றும் விழுந்தது.